திருவிழா நோட்டீஸில் ‘குத்து’ எழுதுவது எப்படி?

ஊர்த் திருவிழாவுக்கு நோட்டீஸ் எழுதும் வேலை முதல்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? காப்புக் கட்டு, பூச்சொரிதல், முளைப்பாரி, பால்குடம் வரைக்கும் போன வருஷத்து நோட்டீஸைப் பார்த்தே எழுதிவிடலாம். ஆட்டத்தைச் சொல்லும் கடைசி வரிக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். இளவட்டங்கள் “டப்பாங்குத்துன்னே போடுங்கண்ணே” என்பார்கள். பெரியவர்கள் “அதெல்லாம் எழுத்துல வரக்கூடாதுப்பா” என்பார்கள். அனுமதி கேட்டுப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் வேறொரு பெயர் கேட்பார்கள். ஆட வரும் செட்டுக்காரர் தன் விசிட்டிங் கார்டில் இன்னொரு பெயர் அடித்து வைத்திருப்பார். நான்கு பேர் சொன்ன நான்கு பெயரையும் நான்கு தாளில் எழுதிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் விழாக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நோட்டீஸ் தட்டச்சு செய்யும் டிடிபி கடைத் தம்பிகளுக்கும் இது. ராயவரம், அரிமளம் பக்கம் என்றால் மாவட்டம் புதுக்கோட்டை. காவல்துறைக்குத் தரும் விண்ணப்பத்தின் முகவரி மட்டும் மாறும், எழுதுகிற முறை மாறாது.

1. ஆடப்போவது என்ன என்று முதலில் கேளுங்கள்

குத்து என்பது ஒரு அடி, ஒரு ஆடும் விதம். அது நிகழ்ச்சியின் பெயர் அல்ல. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தவிலும் பம்பையும் உறுமியும் சேர்ந்து ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக விழும்போது கால் தானாகத் தரையைக் குத்துகிறதே, அதுதான் டப்பாங்குத்து. அந்த அடி கரகாட்டத்திலும் வரும், மெல்லிசைக் கச்சேரியிலும் வரும், வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் நுழையும்போதும் வரும். அதனால் நிகழ்ச்சிக்கு ‘குத்து’ என்று பெயர் வைத்தால், என்ன நடக்கப்போகிறது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை என்று அர்த்தம்.

செட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மேடையில் பாடகர் உண்டா, இல்லை பாட்டைப் போட்டு ஆடுவதா? வாத்தியம் என்னென்ன? ஆடுகிறவர் எத்தனை பேர்? பதிலை வைத்துப் பெயர் முடிவாகும்.

பாட்டைப் போட்டு அதற்கு ஆடினால் அது ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’. இதற்கு ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்ற பழைய பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. எழுத்தில் அதைத் தொடாதீர்கள். அந்தப் பெயருக்கு ஸ்டேஷனில் நல்ல பெயர் இல்லை. பாடகரும் வாத்தியக் குழுவும் வந்தால் ‘இன்னிசை நிகழ்ச்சி’. நாதஸ்வரம், தவில், பம்பையோடு கரகம் எடுத்து ஆடினால் ‘கரகாட்டம்’; மேளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘நையாண்டி மேளம்’. தப்பு அடித்து ஆடினால் ‘தப்பாட்டம்’ அல்லது ‘பறையாட்டம்’. இதில் எது என்பதை ஆடுகிறவரிடமே கேட்டு, அவர் சொல்லும் பெயரைப் போடுங்கள். ஒயிலாட்டம், கும்மி, மயிலாட்டம், பொய்க்கால் குதிரை என்று தனிப் பெயர் உள்ள எதையும் குத்து என்ற ஒரே கூடையில் அள்ளிப் போடக்கூடாது. வருஷக்கணக்காகத் தலையில் கரகம் தாங்கிப் பழகியவரை நோட்டீஸில் ‘குத்து டான்ஸ் குழு’ என்று போட்டால், அட்வான்ஸ் வாங்கியவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. கலைஞரிடம் நலவாரிய அட்டை இருந்தால் அதில் எந்தக் கலையின் பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

நம் பக்கத்து ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று வரிசை உண்டு. அதில் ‘டான்ஸ்’ என்பது ஒரு பார்ட்டின், அதாவது ஒரு வேடத்தின் பெயர். ‘டான்ஸ்தானே’ என்று அதைக் ‘குத்து’ ஆக்கிவிடாதீர்கள்.

2. எழுத்தை முடிவு செய்யுங்கள்

டப்பாங்குத்து, டப்பாங்கூத்து, டப்பான்குத்து, டப்பாகுத்து, தப்பாங்குத்து. ஐந்தும் சுவரில் பார்த்தவைதான். எழுதவேண்டியது டப்பாங்குத்து.

‘கூத்து’ என்று நெடில் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கூத்து வேறு கலை. கூத்து என்றால் கதை உண்டு, வேஷம் உண்டு, இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் உண்டு. ஒரு சுழியில் நிகழ்ச்சியே மாறிவிடுகிறது. ‘ன்கு’ என்று எழுதுவதும் பிழைதான். க-வுக்கு முன்னால் அதன் இன எழுத்தான ங் வரவேண்டும், ‘சங்கு’, ‘பங்கு’ போல.

கைபேசியில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வைத்து அடிப்பவர்கள் கவனம். ஒரு ‘த்’ விழுந்து ‘குது’ ஆகும். இல்லையென்றால் தானாகத் திருத்துகிறேன் என்று ‘கூத்து’ போட்டுவிடும். அடித்ததை அனுப்பும் முன் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்: ட, ப், பா, ங், கு, த், து. ஏழு எழுத்து.

தமிழ் வாத்தியார் யாராவது “ட-வில் சொல் தொடங்கக் கூடாதே” என்று கேட்டால் அவர் சொல்வது இலக்கணப்படி சரி. டீக்கடை போர்டையும் டவுன் பஸ்ஸையும் காட்டிவிட்டு மேலே போங்கள்.

3. ஒட்டும் இடத்தில் ஒற்று

குத்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்பது போதும்.

குத்துப் பாட்டு, குத்துக் கலைஞர், டப்பாங்குத்துத் தாளம், டப்பாங்குத்துப் போட்டி. ‘குத்து பாட்டு’ என்று ஒற்று இல்லாமல் எழுதினால், எதையோ குத்தச் சொல்லிக் கட்டளை இடுவது போல இருக்கும்.

டான்ஸ் வந்தால் ஒற்று இல்லை: குத்து டான்ஸ். ஆட்டம் வந்தால் உகரம் கெட்டு ஒன்றாகிவிடும்: குத்தாட்டம். ‘குத்து ஆட்டம்’ என்று பிரித்து எழுதவேண்டாம். ‘மரண’, ‘செம’ போன்றவை முன்னால் வந்தால் ‘மரணக் குத்து’, ‘செம குத்து’. முதலாவதற்கு ஒற்று உண்டு, இரண்டாவதற்குப் பேச்சில் இல்லை. எழுத்திலும் அப்படியே விடலாம். ஆனால் கோயில் பெயர் அச்சிட்ட தாளில் மரணத்தைக் கொண்டுவந்து வைக்கவேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வினைச்சொல்லாக எழுதும்போது ‘குத்தாட்டம் போட்டார்கள்’ நன்றாக இருக்கிறது. ‘குத்தாட்டம் ஆடினார்கள்’ என்பதில் ஆட்டம் இரண்டு தரம் வருகிறது, பொறுத்துக்கொள்ளலாம். ‘குத்து டான்ஸ் ஆட்டம் ஆடினார்கள்’ என்பதைப் பொறுக்கமுடியாது.

4. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள்

மற்ற எல்லாப் பிழையும் சிரிப்போடு போய்விடும். இந்தப் பிழை சண்டையில் முடியும். குத்து என்ற சொல் தமிழில் பல வேலை பார்க்கிறது. நெல்லைக் குத்துகிறோம், முத்திரை குத்துகிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம், குத்துமதிப்பாகக் கணக்குச் சொல்கிறோம். கத்தியாலும் குத்துகிறார்கள். எனவே பக்கத்துச் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

‘கோயில் விழாவில் இளைஞர்கள் குத்து’ என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். ‘கோயில் விழாவில் இளைஞர்கள் குத்தாட்டம்’ என்றால் வம்பு இல்லை. ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு அடுத்து வெறும் ‘குத்து’ நிற்கக் கூடாது, ‘குத்தாட்டம்’தான் நிற்கலாம். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காதுகுத்து. வீட்டு விசேஷத்துக்கு ஆட்டம் வைக்கும்போது ‘காதுகுத்து விழாவில் குத்து’ என்று எழுதுவார்கள். படிக்கும்போது ஒரு குத்து அதிகம். இங்கே விழாவின் பெயரை மாற்றிவிடுங்கள்: ‘காதணி விழா’. பிறகு எத்தனை குத்து வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, இந்தச் சொல்லுக்குக் கொச்சையாக ஒரு பொருளும் இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். பெண் கலைஞர்களைப் பற்றிய வரியில் ‘குத்து’, ‘குத்தும்’, ‘குத்த வருகிறார்’ என்று எதுவும் வேண்டாம். ‘அழகிகளின் குத்து’ என்று ஒரு பிளெக்ஸ் நின்றால் போதும், இரட்டை அர்த்தம் கூடாது என்று அனுமதியில் போட்ட நிபந்தனையை விழா தொடங்கும் முன்பே மீறிய கணக்கு. ‘அழகிகள்’ என்ற சொல்லே அங்கே வேண்டியதில்லை. ‘கலைஞர்கள்’ இருக்கிறதே.

துக்க வீட்டுச் சுவரொட்டியில் ‘சாவுக்குத்து’ எழுதுவதும் இந்த வகைதான். பேச்சில் இருக்கலாம், தாளில் கூடாது.

5. எந்தத் தாளில் எந்தப் பெயர்

ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறு தாள் உண்டாகும்: காவல்துறை விண்ணப்பம், செட்டுக்காரருடன் ஒப்பந்தச் சீட்டு, நோட்டீஸ், பிளெக்ஸ், வசூல் ரசீது, கடைசியில் வரவு செலவு அறிக்கை. இவை எல்லாவற்றிலும் நிகழ்ச்சியின் பெயர் ஒன்றாகவே இருக்கவேண்டும், எழுத்துக்கு எழுத்து. ‘குத்து’ என்ற சொல் வரலாம். ஆனால் நிகழ்ச்சியின் பெயராக அல்ல; நோட்டீஸிலும் பிளெக்ஸிலும் அலங்காரமாக, ஒப்பந்தச் சீட்டில் பாட்டின் வகையாக.

விண்ணப்பத்தில் அந்தச் சொல் ஒரு தரம்கூட வரக்கூடாது. தடைசெய்யப்பட்ட சொல் என்பதால் அல்ல. படிக்கும் அதிகாரிக்கு அது எந்தத் தகவலையும் தராமல் சந்தேகத்தை மட்டும் தரும் என்பதால். விண்ணப்பத்தின் நடுப் பத்தி இப்படி இருந்தால் போதும்:

‘எங்கள் ஊர் அருள்மிகு முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவை முன்னிட்டு, மேற்படி நாளில் மாலை 6.30 மணி முதல் இரவு 9.45 மணி வரை, கோயில் எதிரே உள்ள பொட்டலில், ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்த உத்தேசித்துள்ளோம். கலைஞர்கள் 10 பேர் பங்கேற்கின்றனர். ஆபாச நடனம், இரட்டை அர்த்தப் பாடல், சாதி, மத, கட்சி சார்ந்த பாடல், வாசகம் எதுவும் இடம்பெறாது என உறுதி கூறுகிறோம்.’

நாள், நேரம், இடம், பெயர், ஆள் எண்ணிக்கை, உறுதிமொழி. ஆறும் ஒரே பத்தியில் வந்துவிட்டதைப் பாருங்கள். ‘சிறப்பான முறையில்’, ‘கோலாகலமாக’ போன்றவை நோட்டீஸுக்கு உரியவை, இங்கே இடத்தைத்தான் அடைக்கும்.

நேரத்தை 9.45 என்று முடித்ததற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. விழாக் கமிட்டிக்குக் கிடையாது. பிளெக்ஸில் ‘விடிய விடிய குத்தாட்டம்’ என்று போட ஆசையாகத்தான் இருக்கும். அது உங்களுக்கு எதிராக நீங்களே அச்சடித்துக் கொடுக்கும் சாட்சி. நோட்டீஸில் ‘இரவு 10 மணியளவில் ஆடல் பாடல்’ என்று போட்டுவிட்டு விண்ணப்பத்தில் 6.30 என்று எழுதுவதும் அதே ரகம். நோட்டீஸ் ஒன்று ஸ்டேஷன் மேசைக்கு எப்படியும் போய்ச் சேரும்.

உறுதிமொழி வரியையும் லேசாக நினைக்கவேண்டாம். பொது இடத்தில் ஆபாசச் செயலுக்கும் பாட்டுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 294 என்று இருந்தது. 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்துப் போட்டவர் பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கவேண்டியவை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கொஞ்சம் மாறும், முதல் நாளே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகக் கையில் இருக்கவேண்டியது: கமிட்டிப் பொறுப்பாளர்களின் ஆதார் நகல், இடம் தனியாருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம், செட்டுக்காரரின் முகவரியும் கலைஞர் பட்டியலும், போன வருஷம் அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகல். விண்ணப்பம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் படி இறங்காதீர்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் கையில் முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான். அங்கே போய்விட்டால் மனுவில் உள்ள பெயரும் நோட்டீஸில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்பது எதிர்த்தரப்புக்கு லட்டு.

6. செட்டுக்காரருடன் சீட்டு

விண்ணப்பத்தில் வராத குத்து இங்கே வரலாம், வரவும் வேண்டும். பேசும்போது “குத்துப் பாட்டெல்லாம் உண்டுங்க” என்று சொல்லிவிட்டு, மேடையில் மெலடியாகவே ஓட்டுகிற செட்டும் உண்டு. அதற்கு நேர்மாறும் உண்டு. அதனால் ‘குத்துப் பாட்டு’ என்று மட்டும் எழுதாமல் கணக்காக எழுதுங்கள்: ‘பக்திப் பாடல் 3, பழைய பாடல் 6, டப்பாங்குத்துப் பாடல் 8. பாடல் பட்டியல் நிகழ்ச்சிக்கு 7 நாள் முன்பு கமிட்டியிடம் தரப்படும். பட்டியலில் இல்லாத பாடலுக்குக் கமிட்டி ஒப்புதல் வேண்டும்.’ எண்ணிக்கை உங்கள் ஊர் இஷ்டம்.

மொத்தத் தொகை, அட்வான்ஸ், பாக்கி தரும் நேரம், மைக் செட்டும் ஜெனரேட்டரும் யார் செலவு, கலைஞர் சாப்பாடு, வேன் வாடகை, மழை வந்தால் என்ன என்பதையும் அதே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். போலீஸ் அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா என்ற ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் சண்டை வருவது அந்த வரியில்தான்.

7. நோட்டீஸும் பிளெக்ஸும்

நோட்டீஸில் சாமி மேலே, ஆட்டம் கீழே. கடைசி நிகழ்ச்சியை இப்படி அமைக்கலாம்:

‘மாலை 6.30 மணி: மாபெரும் ஆடல் பாடல் நிகழ்ச்சி.
டப்பாங்குத்து முதல் மெலடி வரை! அனைவரும் குடும்பத்தோடு வாரீர்.’

பெயர் முதல் வரியில் விண்ணப்பத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. குத்து இரண்டாவது வரியில் அலங்காரமாக இருக்கிறது. ‘குடும்பத்தோடு’ என்ற சொல்லும் வேலை செய்கிறது. அது பக்கத்தில் இருந்தால் டப்பாங்குத்துக்குத் தப்பான பொருள் ஏறாது. பெரியவர்களும் இந்த அமைப்புக்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

தவறான மாதிரியும் பாருங்கள்: ‘இரவு சரியாக 10 மணிக்கு இளைஞர் அணி வழங்கும் அதிரடி குத்து டான்ஸ்’. நேரம் தப்பு. நிகழ்ச்சியின் பெயர் இல்லை. ‘அதிரடி’க்குப் பின் ஒற்று இல்லை. நடத்துவது கமிட்டியா, இளைஞர் அணியா என்பதும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரே வரியில் நான்கு.

பிளெக்ஸில் இன்னொரு ஆபத்து, வரி உடைப்பது. டிசைன் போடும் தம்பி எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ‘டப்பாங்’ ஒரு வரியிலும் ‘குத்து’ அடுத்த வரியிலும் வைப்பார். தூரத்தில் வரும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ‘குத்து’ மட்டும் தெரியும், அதற்கு நேர்மேலே யாராவது ஒருவர் போட்டோ சிரித்துக்கொண்டிருக்கும். சொல்லை உடைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அனுமதி தனி. அதற்கும் இதே பெயர்தான்.

மேற்கோள் குறி பற்றிப் பலர் கேட்பது: நோட்டீஸில் தேவையில்லை. விழா மலருக்கோ பத்திரிகைக்கோ கட்டுரை எழுதினால் முதல் தடவை மட்டும் ஒற்றை மேற்கோளில் ‘டப்பாங்குத்து’ என்று போடலாம், பிறகு சும்மா எழுதலாம். ஒவ்வொரு தடவையும் குறி போட்டால், அந்தச் சொல்லை மூக்கைப் பிடித்துக்கொண்டு தொடுவது போலத் தெரியும். சாய்வெழுத்து தமிழில் எடுபடாது.

8. அச்சுக்குப் போகும்போது: நாளும் பணமும்

வரிசை இதுதான். 35 நாள் முன்பு செட் பேசி முடித்துச் சீட்டு எழுதுங்கள். 30 நாள் முன்பு விண்ணப்பம். அனுமதி கையில் வந்த பிறகு நோட்டீஸ், பிளெக்ஸ். அனுமதி வரும் முன்பே அச்சடித்தால், அதிகாரி நேரத்தையோ இடத்தையோ மாற்றும்போது மொத்தமும் பழைய பேப்பர். அவசரம் என்றால் சாமி நிகழ்ச்சிகளை மட்டும் ஒரு நோட்டீஸாக அடித்துவிட்டு, ஆட்டத்துக்குப் பிறகு தனியாகப் பிட் நோட்டீஸ் அடியுங்கள். பலர் இப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

பணம் எங்கே போகும் என்று தெரிந்தால் எங்கே கவனம் வேண்டும் என்பதும் தெரியும். பிளெக்ஸ் சதுர அடிக் கணக்கு. 10 அடிக்கு 8 அடி என்றால் 80 சதுர அடி. ஆறு இடத்தில் வைத்தால் 480. ஒரு ‘கூ’ தப்பினால் 480 சதுர அடியும் திரும்ப அடிக்கவேண்டும், இல்லையென்றால் எழுத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒட்டிய ஸ்டிக்கர் நாலு நாள் வெயிலில் உரிந்து, கீழே இருக்கும் பிழை முன்பைவிடப் பளிச்சென்று தெரியும்.

ஆஃப்செட்டில் கலர் நோட்டீஸுக்கு நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்து முழுக் கறுப்பில் இருந்தால், திருத்தம் வந்தாலும் கறுப்புப் பிளேட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டிருந்தால் அந்த எழுத்து எல்லாப் பிளேட்டிலும் வெட்டி விடப்பட்டிருக்கும்; பின்னணிக்கு எத்தனை நிறம் சேர்கிறதோ அத்தனை பிளேட்டும் போகும். கடைசி நேரத்தில் மாறக்கூடிய வரிகளை, அதாவது நேரம், இடம், ஆட்டத்தின் பெயர் மூன்றையும், வெள்ளைத் தளத்தில் கறுப்பு எழுத்தாக வைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புவது யூனிகோடு. கடையில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வைத்திருந்தால் திரும்பத் தட்டுவார்கள் அல்லது மாற்றியில் போடுவார்கள். புள்ளி விழுந்து ‘டப்பாஙகுத்து’ ஆவதும், ஒற்று காணாமல் போவதும் அங்கேதான். ஆகவே புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் தரும் மாதிரியை, கைபேசியில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். ஒரு பிரதி தாளில் எடுத்துத் தரச் சொல்லி, கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலிருந்து படித்தால் சாமி பெயரிலேயே மனம் நிறைந்து, ஆட்டத்தின் வரிக்கு வரும்போது கண் ஓடிவிடும். விண்ணப்பத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பெயர், நாள், நேரம், இடம் நான்கையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். கமிட்டியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சு. கையெழுத்துப் போட்ட புரூஃப் உங்களிடம் இருந்தால், அதற்குப் பிறகு வந்த பிழை கடைக்காரர் செலவு; இல்லாவிட்டால் உங்கள் செலவு.

9. வீட்டு விசேஷம் என்றால்

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), காதணி விழா எதுவானாலும் பெரிய பத்திரிகையில் குத்து வேண்டாம். சொல்லுக்குச் சொல் பார்த்து இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிப் பழகிய ஊர் இது. மணமக்கள் பெயரும் பாட்டன் பெயரும் விலாசமும் வரும் தாளில் டப்பாங்குத்து வந்து உட்கார்ந்தால், ஆச்சி அதை முகப்பில் உட்கார்ந்து சத்தமாக ஒருமுறை படித்துக் காட்டுவார். அதற்குமேல் விமர்சனம் தேவையில்லை. பத்திரிகையில் ‘மாலை 7.00: வரவேற்பு, இன்னிசை’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் சேக்காளிகளுக்கும் தனியாக ஒரு வாட்ஸ்அப் அட்டை: ‘சாப்பாடு முடிந்ததும் வளவில் டப்பாங்குத்து. சட்டைக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ (வளவு என்பது வீட்டின் உள்முற்றம்.) அங்கே எழுதலாம், அங்கேதான் எழுதவேண்டும். வளவானாலும் மண்டபமானாலும் பத்து மணிக்கு மேல் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போனால் புகார் வரும்.

10. முடிந்த பிறகு எழுதும் இரண்டு வரி

வரவு செலவு அறிக்கையில் ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’ என்றே வரவேண்டும். ‘குத்து செலவு’ என்று எழுதிய அறிக்கையை ஊர்க் கூட்டத்தில் வாசித்தால் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும், பிறகு கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். அதற்காகவே அப்படி எழுதுகிறவரும் உண்டு, பொருளாளரைக் கவனியுங்கள்.

உள்ளூர் நிருபருக்குச் செய்தி அனுப்பினால் நிகழ்ச்சியின் பெயர் முதல் வாக்கியத்திலும், குத்து படக் குறிப்பிலும் இருக்கட்டும்: ‘ஆடல் பாடல் நிகழ்ச்சியில் டப்பாங்குத்துத் தாளத்துக்கு ஆடிய கலைஞர்கள்.’ படத்தில் இருப்பவர் கரகாட்டக் கலைஞர் என்றால் கரகாட்டக் கலைஞர் என்றே எழுதி, அவர் பெயரையும் ஊரையும் அவரிடமே கேட்டு எழுத்துப் பிழையில்லாமல் அனுப்புங்கள். செய்தி வெட்டை அவர் லேமினேட் செய்து அடுத்த ஊர்க் கமிட்டியிடம் காட்டுவார்.